பானைக்குள் புகுந்தது யார்?



சித்ரா பௌர்ணமி அன்று எங்கள் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை. லட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடப்பார்கள். சித்திரை வெயில் கொளுத்தும். அதனால் வழி நெடுகப் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் தெருக்காரர்களும் ஒரு மோர்ப் பந்தல் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பங்கு இரண்டு பானைத் தயிர். முதல் நாள் மாலையில் ஆயா பாலைக் காய்ச்சி ஆற வைத்தார். (பாட்டியை எங்கள் பக்கத்தில் ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.) ஒரு பானையை அவரே தேய்த்துக் கழுவி, கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கவிழ்த்து வைத்தார். இன்னொரு பானையைக் கழுவும் வேலையை என்னிடம் கொடுத்தார். தெருவில் கிட்டிப்புள் ஆட்டம் நடந்து கொண்டிருந்தது. நான் அவசரம் அவசரமாகத் தண்ணீரை ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டிவிட்டு ஓடிப் போனேன்.

மறுநாள் காலையில் ஆயா கழுவிய பானையில் கட்டித் தயிர். நான் கழுவிய பானையிலோ, கரண்டியை விட்டுத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. கெட்ட வாடை வேறு. அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று எங்கள் பந்தலில் மதியத்துக்கு முன்பே மோர் தீர்ந்துவிட்டது. வெயிலில் நடந்து வந்தவர்கள் காலிப் பானையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே பால். ஒரே உறைமோர். ஒரே இரவு. பிறகு ஏன் ஒன்று தயிரானது, இன்னொன்று கெட்டுப் போனது? பானை சுத்தமில்லை என்றார் ஆயா. சுத்தமில்லாத பானைக்குள் அப்படி என்னதான் நடந்தது? அதற்கு ஆயாவிடம் விடை இல்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோது ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் எனக்கு அந்த விடை கிடைத்தது. அவர்தான் லூயி பாஸ்டர். வாருங்கள், அவர் கதையைக் கேட்போம்.

தோல் பதனிடுபவரின் மகன்

பிரான்ஸ் நாட்டில் தோல் என்ற சிற்றூர். பெயரே தோல்தான்! வேடிக்கையாக இல்லை? அங்கே தோல் பதனிடும் தொழில் செய்த ஒருவரின் வீட்டில் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிறந்தார் லூயி பாஸ்டர். அப்பா நெப்போலியனின் படையில் சிப்பாயாக இருந்தவர். பிறகு அந்தக் குடும்பம் ஆர்புவா என்ற ஊரில் குடியேறியது.

சிறு வயதில் லூயி வகுப்பிலேயே முதல் மாணவர் என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பில் அவர் சுமார்தான். ஆனால் அருமையாகப் படம் வரைவார். அம்மா, அப்பா, அக்கம்பக்கத்தார் என எல்லோரையும் வண்ணக் கோலால் வரைந்து வைத்தார். எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

15 வயதில் படிப்பதற்காகப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்கவில்லை. சில வாரங்களிலேயே அப்பா வந்து ஊருக்கு அழைத்துப் போனார். விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் அழுத பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? வெட்கப்பட வேண்டாம். உலகமே போற்றிய ஒருவரும் அப்படித்தான் அழுதிருக்கிறார். பிறகு மனத்தைத் தேற்றிக்கொண்டு மீண்டும் பாரிஸ் சென்றார். 1843இல் அங்கே புகழ்பெற்ற ஆசிரியர் கல்லூரி ஒன்றில் சேர்ந்து வேதியியல் படித்தார்.

1849இல் மேரி லாரன்ட் என்பவரை மணந்தார். பாஸ்டர் சொல்லச் சொல்ல அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகளை இரவு நேரங்களில் எழுதிக் கொடுத்தவர் இந்த மேரிதான்.

பீட்ரூட் தொட்டியில் ஒரு மர்மம்

1854இல் லீல் என்ற தொழில் நகரத்தில் பாஸ்டர் பேராசிரியரானார். அங்கே பீட்ரூட் சாற்றைப் பெரிய பெரிய தொட்டிகளில் நொதிக்க வைத்து ஆல்கஹால் எடுக்கும் ஆலைகள் இருந்தன.

நொதித்தல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இட்லி மாவு இரவில் பொங்கி வருகிறதே, பால் தயிராகிறதே, அதெல்லாம் நொதித்தல்தான்.

1856இல் ஆலை முதலாளி ஒருவர் பாஸ்டரிடம் கவலையோடு வந்தார். அவர் பெயர் பிகோ. அவருடைய மகன் பாஸ்டரின் மாணவன். சில தொட்டிகளில் சாறு நன்றாக நொதிக்கிறது. சில தொட்டிகளில் புளித்து, வழவழவென்று கெட்டுப் போகிறது. ஒரே சாறு, ஒரே ஆலை. காரணம் தெரியவில்லை. பணமோ கரைகிறது. என் தயிர்ப் பானையின் கதை போலவே இருக்கிறது அல்லவா?

வேறொரு பேராசிரியராக இருந்தால், இது என் வேலை இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாஸ்டர் தினமும் ஆலைக்கு நடந்தார். நல்ல தொட்டியிலிருந்து ஒரு சொட்டு, கெட்ட தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

நல்ல சொட்டில் குண்டு குண்டாக, முட்டை வடிவத்தில் ஈஸ்ட் தெரிந்தது. கெட்ட சொட்டில் இருந்தவை வேறு. ஈஸ்ட்டைவிட மிகச் சிறிய, குச்சி போன்ற உருவங்கள்! பால் புளிக்கும்போதும் இதே போன்ற சிறிய உயிர்கள்தாம் வேலை செய்கின்றன என்று 1857இல் ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் காலத்துப் பெரிய வேதியியல் அறிஞர்கள் பலர், நொதித்தலுக்கு உயிர்கள் தேவையே இல்லை, அது வெறும் ரசாயன மாற்றம் என்று நம்பினார்கள். ஈஸ்ட் உயிருள்ளது என்று பாஸ்டருக்கு முன்பே சிலர் சொன்னபோது அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. பாஸ்டர் சோதனை மேல் சோதனை செய்து காட்டினார். ஒவ்வொரு நொதித்தலுக்கும் ஒவ்வொரு வகை உயிர். ஈஸ்ட் வளர்ந்தால் ஆல்கஹால். குச்சிக் கிருமி வளர்ந்தால் புளிப்பு. பாத்திரத்துக்குள் எது புகுந்து பெருகுகிறதோ, அதுதான் அங்கே ராஜா!

குழந்தைகளே, ஒன்றைக் கவனியுங்கள். தயிருக்கு அந்தக் குச்சிக் கிருமியின் உறவுகள்தாம் வேண்டும். அங்கே அவை விருந்தாளி. பீட்ரூட் தொட்டியிலோ அவை திருடர்கள். ஆகவே எல்லாக் கிருமிகளும் கெட்டவை அல்ல. அழைக்காத வீட்டில் புகுவதுதான் தொல்லை.

வளைந்த கழுத்துக் குடுவை

சரி, அழைக்காத இந்தக் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? தாமாகவே முளைக்கின்றன என்று பலர் அப்போது நம்பினர். பாஸ்டர் நம்பவில்லை.

கண்ணாடிக் குடுவைகளில் சத்துள்ள நீரை ஊற்றினார். குடுவையின் கழுத்தைச் சூடாக்கி, அன்னப்பறவையின் கழுத்தைப் போல வளைத்தார். பிறகு நீரைக் கொதிக்க வைத்தார். கழுத்து திறந்தே இருந்தது. காற்று தாராளமாக உள்ளே போனது. ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிட்டது. நாள்கள் கடந்தன. நீர் கெடவே இல்லை! கழுத்தை உடைத்தார். சில நாள்களில் நீர் கலங்கிக் கெட்டது. கிருமிகள் தாமாக முளைப்பதில்லை, தூசியோடு வந்து விழுகின்றன என்பது தெளிவாயிற்று.

1860இல் இன்னொரு சோதனை. கொதிக்க வைத்து மூடிய குடுவைகளை எடுத்துக்கொண்டு மலையேறினார். ஊர்ப்புறத்தில் 20 குடுவைகளைத் திறந்து மூடினார். அவற்றில் 8 கெட்டன. ஜூரா மலையின் உயரத்தில் திறந்த 20இல் 5 மட்டுமே கெட்டன. ஆல்ப்ஸ் மலையில் பனிப்பாறை ஓரமாகத் திறந்த 20இல் ஒன்றே ஒன்றுதான் கெட்டது. தூசி குறையக் குறைய, கெடுவதும் குறைகிறது. கணக்குப் பாடத்தைப் போல எவ்வளவு தெளிவு பாருங்கள்!

வீட்டில் விழுந்த இடி

இப்படி வெற்றி மேல் வெற்றி பெற்றவரின் வீட்டில் நடந்ததைக் கேட்டால் உங்கள் மனம் கனக்கும். 1859இல் மூத்த மகள் ஜான் டைபாய்டு காய்ச்சலில் இறந்து போனாள். அவளுக்கு வயது 9. உங்களில் சிலருடைய வயதுதான். 1865இல் அப்பா இறந்தார். அதே ஆண்டு இரண்டு வயதுக் கடைக்குட்டி கமில் இறந்தாள். அடுத்த ஆண்டு 12 வயது மகள் செசில், அவளும் டைபாய்டில் போய்விட்டாள்.

டைபாய்டு எப்படிப் பரவுகிறது? கிருமி கலந்த தண்ணீராலும் உணவாலும். இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைச் சொல்லிவிடும். அன்று மருத்துவர்கள் பலருக்கே தெரியாது. தொட்டியைக் கெடுக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்டுபிடித்தவர், அதே போன்ற ஓர் உயிர் தம் மகள்களைக் கொண்டு போனதைத் தடுக்க முடியாமல் நின்றார். பாவம் அல்லவா?

ஆனாலும் அவர் வேலையை விடவில்லை. திராட்சை மது கெடுவதை ஆராய்ந்து, அதை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் போதும், கெடாது என்று கண்டார். நம் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பாஸ்டுரைஸ்டு என்று போட்டிருக்கும். அது இவர் பெயர்தான்! பாலுக்கு அந்த முறையைப் பின்னால் வந்தவர்கள் கொண்டு வந்தார்கள். பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிர வைக்கிறார்கள்.

1868இல், 45 வயதில், பாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இனி இவர் அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அவருடைய பெரிய வேலைகளில் பாதி இதற்குப் பிறகுதான் நடந்தது.

பிடிக்காத பானத்துக்கு ஓர் ஆராய்ச்சி

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாஸ்டரின் ஒரே மகன் ஜான் பாப்டிஸ்ட் படையில் இருந்தான். பிரெஞ்சுப் படை தோற்றுச் சிதறியது. மகனைப் பற்றித் தகவல் இல்லை. 1871 ஜனவரியில், கொட்டும் பனியில், கால் சரியில்லாத அந்த அப்பா மனைவியுடன் குதிரை வண்டியில் தேடிப் புறப்பட்டார். சோர்ந்து திரும்பும் சிப்பாய்க் கூட்டத்துக்கு நடுவே, நோயுற்றிருந்த மகனைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்!

போரில் பிரான்ஸ் தன் நிலத்தில் ஒரு பகுதியையும் இழந்தது. பாஸ்டருக்குத் தாங்க முடியாத வருத்தம். தம்மால் நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்று யோசித்தார். ஜெர்மனியில் செய்யும் பீர் அப்போது பெயர் பெற்றது. பிரான்சில் செய்வதோ அடிக்கடி கெட்டுப் போகும். அதைச் சரி செய்து காட்டுவது என்று முடிவெடுத்தார்.

பீர் என்பது முளைகட்டிய பார்லியில் செய்யும் மது. பிள்ளைகளான உங்களுக்கும் அதற்கும் தூரம்! பாஸ்டருக்கே அது அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு பீருக்கும் இன்னொரு பீருக்கும் சுவையில் வேறுபாடு சொல்லத் தெரியாமல் அவர் திணறுவாராம். நண்பர்கள் கேலி செய்வார்களாம். அவருக்கு வேண்டியது பானம் அல்ல. அது கெடுவதற்கான காரணம்.

பார்லியை ஊற வைத்து முளைகட்டி, காய வைத்து, வெந்நீரில் கலந்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதைக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, ஈஸ்ட் சேர்ப்பார்கள். நாம் பாலைக் காய்ச்சி, ஆற விட்டு, உறைமோர் சேர்ப்பதைப் போலத்தான். ஆபத்து எங்கே இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். கொதிக்கும்போது இல்லை, அப்போது கிருமிகள் அநேகமாக மடிந்துவிடும். ஆறத் தொடங்கிய பிறகுதான் ஆபத்து! இனிப்பான, வெதுவெதுப்பான சாறு, கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி.

1871 செப்டம்பரில் பாஸ்டர் லண்டனில் விட்பிரெட் என்ற பெரிய பீர் ஆலைக்குப் போனார். அங்கே பயன்படுத்தும் ஈஸ்ட்டைக் கொஞ்சம் கேட்டு வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். ஈஸ்ட்டுகளுக்கு நடுவே நூல் போன்ற வேண்டாத கிருமிகள்! இந்த ஈஸ்ட்டில் செய்த பீர் சரியாக இராதே என்றார். ஆலைக்காரர்கள் திகைத்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். பீப்பாய் பீப்பாயாகக் கெட்டுப் போன சரக்கு அவர்களிடம் இருந்தது. மூக்கால் முகர்ந்தும் நாக்கால் சுவைத்தும் மட்டுமே பார்த்து வந்த அவர்களுக்கு, கண்ணால் பார்க்க ஒரு வழி இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து பாஸ்டர் மறுபடி போனபோது, ஆலையில் புத்தம் புது நுண்ணோக்கி ஒன்று இருந்தது!

மூன்று வாசல்கள்

1876இல் இந்த ஆராய்ச்சியைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். அதில் உள்ளதை உங்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். வேண்டாத கிருமி உள்ளே வர மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல், பாத்திரம். சாறு தொடும் தொட்டி, குழாய், பீப்பாய் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. இரண்டும் வேண்டும். முதலில் தேய்த்து அழுக்கை எடுக்க வேண்டும். பிறகுதான் வெந்நீரோ நீராவியோ. அழுக்கை அப்படியே விட்டு வெந்நீர் ஊற்றினால், அழுக்கின் அடியில் கிருமி குடை பிடித்துக்கொண்டு பிழைத்துவிடும்.

இரண்டாவது வாசல், காற்று. கொதித்த சாறு ஆறும்போது தூசி விழக் கூடாது. ஆகவே மூடி வைக்க வேண்டும்.

மூன்றாவது வாசல், நாம் சேர்க்கும் ஈஸ்ட். அதுவே கெட்டிருந்தால் மற்ற இரண்டு வாசல்களையும் மூடிப் பயனில்லை. வீட்டுக்குக் காவல் வைத்த ஆளே திருடனானால் என்ன ஆகும்?

இதைப் படித்த அன்று எனக்கு ஆயா நினைவுதான் வந்தது. பானையைத் தேய்த்து வெந்நீர் ஊற்றினாரே, அது முதல் வாசல். பானை வாயில் வெள்ளைத் துணி கட்டினாரே, அது இரண்டாவது வாசல். நேற்றைய நல்ல தயிரிலிருந்து மட்டும் உறைமோர் எடுத்தாரே, அது மூன்றாவது வாசல். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் மூன்று வாசல்களையும் அடைத்து வந்திருக்கிறார்! நான் முதல் வாசலைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன். பழைய தயிர் மண்பானையின் நுண்துளைகளில் ஒட்டியிருந்தது. அதிலிருந்த வேண்டாத கிருமி இரவெல்லாம் பெருகி, தயிரை நூலாக்கிவிட்டது. ஆயா கையால் செய்ததற்கு பாஸ்டர் காரணம் சொன்னார்.

பாஸ்டர் சொன்னதோடு கதை முடியவில்லை. டென்மார்க் நாட்டில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் என்பவர், காட்டு ஈஸ்ட்டுகளும் பீரைக் கெடுக்கும் என்று கண்டார். 1883இல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லை மட்டும் பிரித்தெடுத்து, அதிலிருந்து தூய்மையான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்வதுதான் அறிவியல்.

இன்றும் சில நாடுகளில் பெரியவர்கள் வீட்டிலேயே பீர் செய்கிறார்கள். அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. அவர்களுடைய பெரிய கவலை என்ன தெரியுமா? வாளி சுத்தமா, குழாய் சுத்தமா, பாட்டில் சுத்தமா என்பதுதான். 150 ஆண்டுகள் ஆகியும் அதே மூன்று வாசல்கள்!

தொட்டியிலிருந்து உடம்புக்கு

பீரும் மதுவும் கெடுவதைத் தடுத்ததோடு நின்றிருந்தால், பாஸ்டரை இவ்வளவு பேர் இன்று நினைக்க மாட்டார்கள். தொட்டியைக் கெடுப்பது வெளியிலிருந்து வந்த கிருமி என்றால், உடம்பைக் கெடுப்பதும் அப்படியே இருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விதான் உலகத்தை மாற்றியது.

ஸ்காட்லாந்தில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் பாஸ்டரின் கட்டுரைகளைப் படித்தார். அந்தக் காலத்தில் அறுவை செய்தவர்களில் பலர் புண் அழுகியே இறந்தார்கள். 1865இல் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் உடைந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் புண்ணுக்கு லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். புண் அழுகவில்லை. சிறுவன் பிழைத்தான்! 1874இல் லிஸ்டர் நன்றி சொல்லி பாஸ்டருக்குக் கடிதம் எழுதினார்.

பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஆனாலும் மருத்துவர்கள் சபையில் நின்று, கையைக் கழுவுங்கள், கருவிகளைத் தீயில் காட்டுங்கள் என்று வற்புறுத்தினார். சிலருக்குக் கோபம் வந்தது. அவர் கவலைப்படவில்லை. பிறருடன் கை குலுக்கக்கூட அவர் தயங்குவாராம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையும் தம்ளரையும் துடைத்துவிட்டுத்தான் தொடுவாராம்.

1885 ஜூலை 6ஆம் நாள். வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவன் அம்மா பாஸ்டரிடம் அழைத்து வந்தார். போரில் பிரான்ஸ் இழந்தது என்று சொன்னேனே, அந்த அல்சேஸ் பகுதியிலிருந்து வந்த பையன். உடம்பில் 14 இடங்களில் கடி. அப்போது வெறிநாய்க்கடிக்கு மருந்தே கிடையாது. பாஸ்டர் தாம் உருவாக்கிய தடுப்பு மருந்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். பையனுக்குக் கொடுக்கலாமா? ஏதாவது ஆகிவிட்டால்? ஏற்கெனவே மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அல்லவா? அவருக்கு இரவுகளில் தூக்கம் வரவில்லை. மருத்துவர்களைக் கலந்து பேசி, அவர்கள் கையால் 10 நாள்களில் 13 ஊசி போடச் செய்தார். பையன் பிழைத்துக்கொண்டான்! பெரியவனானதும் அவன் பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்திலேயே வேலை பார்த்தான்.

நம் தமிழ்நாட்டிலும் பாஸ்டர் பெயரில் ஒரு நிறுவனம் உண்டு. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907இல் அது தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காகவே ஏற்பட்டது. அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது, குன்னூரில் அந்தப் பழைய கட்டடத்தைப் பாருங்கள்.

1892 டிசம்பர் 27. பாஸ்டருக்கு 70 வயது. பாரிசில் பெரிய விழா. நடக்கவே முடியாத அவரைப் பிரான்ஸ் நாட்டின் குடியரசுத் தலைவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மேடையில் ஒருவர் எழுந்து வந்து அவரை ஆரத் தழுவினார். அவர் யார் தெரியுமா? லிஸ்டர்தான்! 1895 செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். அந்த நாளைத்தான் இன்று உலக வெறிநாய்க்கடி விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

உங்களுக்கு ஒரு வேலை

நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? மஞ்சளோ மிளகாய்ப் பொடியோ வைக்கக் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே பெரியவர்களிடம் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பயந்து மறைக்கவே கூடாது. பார்த்தீர்களா, இங்கேயும் முதல் வேலை கழுவுவதுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அம்மாவிடம் கேட்டு, காய்ச்சி ஆறிய பாலை இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றிக் காய வைத்திருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இன்னொன்று சும்மா அலசியதாக இருக்கட்டும். இரண்டிலும் ஒரே அளவு உறைமோர் விடுங்கள். முதல் கிண்ணத்தை மூடுங்கள். இரண்டாவதைத் திறந்து வையுங்கள். மறுநாள் காலையில் நிறத்தையும் வாசனையையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் அப்படியே எழுதுங்கள், மாற்றி எழுதக் கூடாது. பாஸ்டரும் பார்த்ததைத்தான் எழுதினார். திறந்து வைத்ததை மட்டும் யாரும் சாப்பிட வேண்டாம்!

இப்போதும் சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் தெருவில் மோர்ப் பந்தல் உண்டு. பானைகளைக் கழுவும் வேலையை நானே கேட்டு வாங்கிக் கொள்கிறேன். என் பேரன் வெந்நீர் எடுத்துத் தருகிறான். அவனை விளையாட அனுப்புவேன். பானை காய்ந்த பிறகு!